கல்யாணத்துக்கு நாதஸ்வர மேளம் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், சமையல், ஃபோட்டோ, மேடை அலங்காரம் எல்லாம் ஆறு மாதம் முன்பே முடிந்துவிடும். மேளம் மட்டும் "மண்டபத்துக்காரரே பாத்துக்குவார்" என்று கடைசிவரை தள்ளிப்போகும். அன்றைக்கு முகூர்த்தத்தில் நடக்கும் குளறுபடிகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் வீட்டுக் கல்யாணங்களுக்கு மேளம் ஏற்பாடு செய்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

எத்தனை நாள் முன்னால் பேச வேண்டும்?

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அதே வாரம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் வருஷத்து முகூர்த்தங்கள் எல்லாம் மீதி மாதங்களுக்குள் நெருக்கியடித்து வருகின்றன. தை, வைகாசி, ஆவணியில் ஞாயிற்றுக்கிழமையில் வளர்பிறை முகூர்த்தம் விழுந்தால் ஊரில் உள்ள அத்தனை தவிலும் அன்று வேலையில் இருக்கும். நாயனக்காரர் (நாதஸ்வரம் வாசிப்பவர்) கிடைத்தாலும் நல்ல தவில்காரர் கிடைக்கமாட்டார்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல வித்வான்கள் பலர் ஏதாவது ஒரு கோயிலில் பணியில் இருப்பார்கள். பங்குனி உத்திரம், தைப்பூசம், அந்தக் கோயிலின் பிரம்மோற்சவம் வரும் நாட்களில் அவரால் கோயிலை விட்டு வரமுடியாது. தேதியைச் சொல்லும்போதே "அன்னிக்குக் கோயில்ல உங்களுக்கு முறை இருக்கா?" என்று கேட்டுவிட்டால் பின்னால் சங்கடம் இல்லை.

ஒரு செட் என்றால் எத்தனை பேர்?

முழு செட் என்பது இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதி. முன்பு ஒத்து (சுருதிக்காக ஒரே சுரத்தைப் பிடித்து ஊதும் குழல்) ஊதுவதற்கென்றே ஒருவர் இருப்பார். இப்போது அந்த இடத்தில் சுருதிப்பெட்டி, பெரும்பாலும் மின்சாரப் பெட்டி. தாளத்தையும் பெட்டியையும் ஒருவரே பார்த்துக்கொண்டால் ஐந்து பேர், தனித்தனி என்றால் ஆறு.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஒரு நாயனம், ஒரு தவில், ஒரு தாளம் என்று மூன்று பேரை அழைக்கலாம். நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கிரகப்பிரவேசத்துக்கு இது போதும். கல்யாணத்துக்கு மட்டும் ஒற்றை நாயனம் வேண்டாம் என்போம். இரண்டரை மணி நேரம் ஒருவரே ஊத முடியாது. அவர் சீவாளி (வாயில் வைத்து ஊதும் தட்டை) மாற்றும்போதும் மூச்சு வாங்கும்போதும் தவில் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். பணம் இறுக்கம் என்றால் இரண்டு நாயனத்தை வைத்துக்கொண்டு தவிலை ஒன்றாக்குங்கள்.

எங்கே போய்த் தேடுவது?

முதலில் உங்கள் ஊர்க் கோயில். சாயரட்சை (மாலைப் பூஜை) நேரத்தில் போய் ஒரு அரைமணி நேரம் நின்று கேளுங்கள். பிடித்திருந்தால் பூஜை முடிந்ததும் அவரிடமே பேசலாம். அடுத்தது மாவட்ட அரசு இசைப்பள்ளிகள். அங்கே நாதஸ்வரம், தவில் இரண்டுக்கும் ஆசிரியர்கள் உண்டு. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். படித்து முடித்த இளைஞர்கள் நியாயமான தொகைக்கு, வேண்டிய கீர்த்தனையைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். பெண் வித்வான்கள் வாசிப்பதில் தயக்கம் காட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற நாதஸ்வரத் தம்பதி ஷேக் மகபூப் சுபானியும் காலீஷாபியும். அதற்கு மேல் அந்த வீட்டாரிடம் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

கல்யாண காண்ட்ராக்ட்காரர் தரும் "பேக்கேஜ்" மேளம் பற்றி ஒரு வார்த்தை. அதில் வருபவர்கள் எல்லோரும் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு நடுவிலேயே நின்றுவிடும். மிச்சத்துக்கு யார் வர முடியுமோ அவர்தான் வருவார்.

பேசும்போது கட்டாயம் கேட்க வேண்டியது என்ன?

"நீங்களே வருவீங்களா?" இதுதான் முதல் கேள்வி. நெருக்கமான முகூர்த்த நாளில் ஒரே பெயரில் மூன்று இடத்தில் ஒப்புக்கொண்டு, ஓரிடத்துக்குத் தான் போய், மற்ற இரண்டுக்கும் சிஷ்யர்களை அனுப்புவது நடக்கிற விஷயம். சிஷ்யர் நன்றாகவே வாசிக்கலாம். ஆனால் அதை முன்பே தெரிந்துகொண்டு, அதற்குத் தக்கபடி தொகை பேச வேண்டும்.

அடுத்தது, தவில் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் இன்னும் ஆள் முடிவாகவில்லை என்று அர்த்தம். மூன்றாவதாக, வேறொரு கல்யாணத்தில் யாரோ கைப்பேசியில் எடுத்த பத்து நிமிட வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டுடியோ பதிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பந்தல் சத்தத்துக்கு நடுவே சுருதி நிற்கிறதா, இரண்டு நாயனமும் சேர்ந்து இழைகிறதா என்பது அந்தக் கைப்பேசி வீடியோவில்தான் தெரியும்.

பேசி முடித்ததும் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பது நம் வழக்கம். அதோடு தேதி, மண்டபம், வரவேண்டிய நேரம், எத்தனை பேர், மொத்தத் தொகை, பயணச் செலவு அதில் அடக்கமா இல்லையா என்பதை வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

பாரி, திமிரி என்கிறார்களே, நாம் எதைக் கேட்பது?

திமிரி குட்டையான நாயனம், சுருதி உச்சம், 4 கட்டைக்கு மேல் போகும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). பாரி நீளமானது, 2 அல்லது 2½ கட்டையில் கனமாக ஒலிக்கும். இன்று கச்சேரியிலும் கல்யாணத்திலும் பெரும்பாலும் பாரிதான். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவர் கொண்டுவருவது பாரியாகத்தான் இருக்கும். கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளக் குழுவை மலிவாகக் கிடைக்கிறது என்று முகூர்த்தத்துக்குப் பேசினால் மட்டும் இந்த வித்தியாசம் உறைக்கும். அது வேறு வாசிப்பு, வேறு வேகம். அதை வைத்துக்கொண்டு ஊஞ்சலுக்கு லாலி எதிர்பார்ப்பது அவர்களுக்கும் அநியாயம்.

என்ன வாசிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டுமா?

ராகத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். நிகழ்ச்சி வரிசையை மட்டும் நீங்கள் கொடுங்கள். அதிலும் உங்கள் வீட்டு முறைப்படி எழுதிக் கொடுங்கள். காசியாத்திரை உண்டா, மாலை மாற்றல் மேடையிலா வாசலிலா, ஊஞ்சல் எவ்வளவு நேரம், அரசாணிக்கால் எப்போது, நலங்கு முதல் நாளா மறுநாளா, சீர்வரிசை எந்த வாசல் வழியாக வருகிறது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளினால் முறை மாறும். அவர் முந்தின நாள் வாசித்த வீட்டு முறை உங்கள் வீட்டு முறையாக இருக்காது.

முகூர்த்தம் 6 முதல் 7.30 என்று வைத்துக்கொள்வோம். மேளம் 4.45க்கே உட்கார்ந்துவிட வேண்டும். பிள்ளையார் பூஜைக்குப் பெரும்பாலும் ஹம்சத்வனி. விடிகிற நேரத்தில் பூபாளம், பௌளி, பிலஹரி வரும். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவியிலோ குறிஞ்சியிலோ லாலி. அப்போது தவில் அடங்கி ஒலிக்க வேண்டும். ஊஞ்சலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் ஒரு லாலிகூட முழுதாக வராது, 15 நிமிடமாவது விடுங்கள். கன்னிகாதானத்தில் கோத்திரம், மூன்று தலைமுறைப் பெயர்கள் சொல்லும்போது மேளம் நிற்க வேண்டும். இது வாசிப்பவருக்குத் தெரியும். தெரியாதவர்கள் "ஏன் நிறுத்திட்டாங்க, வாசிக்கச் சொல்லு" என்று விரட்டும் உறவினர்கள்தான். மாங்கல்யதாரணம் ஆனதும் தியாகராஜரின் குறிஞ்சி ராகக் கீர்த்தனை 'சீதா கல்யாண வைபோகமே' பல வீடுகளில் உண்டு. முடிவுக்கு சுருட்டி அல்லது மத்தியமாவதி.

கெட்டிமேளம் சரியான நேரத்தில் வர என்ன செய்வது?

அதிகம் தவறுவது இந்த இடம்தான், காரணமும் எளிது. மேளக்காரர் மேடைக்குக் கீழே ஓரத்தில் இருக்கிறார். தாலி கட்டப்போகும் நேரத்தில் மூன்று வீடியோக் கேமராக்கள், ஒரு கிரேன், குடை விளக்கு, அட்சதையோடு எழுந்து நிற்கும் ஐம்பது பேர் எல்லாம் அவருக்கும் மணமேடைக்கும் நடுவே வந்துவிடுகிறார்கள். அவர் கண்ணுக்குப் புரோகிதர் தெரிவதில்லை. யாரோ கையைத் தூக்கியதைப் பார்த்து அடிக்கத் தொடங்குகிறார். மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் வாங்கவே இல்லை. தவில்காரர் கை ஓய்ந்து வேகம் குறையும்போது முடிச்சு விழுகிறது.

இதற்கு ஒரே மருந்து, ஆள் போடுவது. பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ முறை தெரிந்த ஒருவர் மேடையின் விளிம்பில், நாயனக்காரர் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். அவரை முதல் நாள் மாலையே நாயனக்காரருக்கு அறிமுகம் செய்து வைத்து, "இவர் கை காட்டினால் மட்டும்தான்" என்று சொல்லிவிடுங்கள். புரோகிதர் "மாங்கல்யம் தந்துநானேன" என்று தொடங்கும்போது ஒரு கை உயர வேண்டும், அது தயாராக இருக்கச் சொல்வது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தருகே கொண்டுபோகும்போது ஆள்காட்டி விரலை ஆட்ட வேண்டும், அது கெட்டிமேளம். மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடித்து, அட்சதை ஓயும்வரை நிறுத்தக் கூடாது. வேறு யாரும், மாமாவே ஆனாலும், விரலை ஆட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். வீடியோக்காரரிடமும் முன்கூட்டியே பேசி, அந்த ஒரு பார்வைக் கோட்டை மட்டும் மறைக்காமல் நிற்கச் சொல்லுங்கள்.

தும்மல், அழுகை, அபசகுனப் பேச்சு எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக் கூடாது என்பதற்குத்தான் அவ்வளவு சத்தம். அதனால் "கொஞ்சம் மெதுவா அடிங்க, பேபி தூங்குது" என்ற வேண்டுகோளைக் கெட்டிமேளத்தில் வைக்காதீர்கள்.

எங்கே உட்கார வைப்பது? மைக் வேண்டுமா?

மணமேடைக்குப் பக்கவாட்டில், 8 அடிக்கு 10 அடி இடம், தரையில் ஜமுக்காளம், அல்லது ஓரடி உயர மேடை. பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், சுருதிப்பெட்டிக்கு. மண்டபங்களில் அந்த ஒரே பிளக்கையும் பூ அலங்கார விளக்குக்காரர் பிடித்துக்கொள்வார். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை மேளத்துக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள்.

மைக் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கு, தேரோடும் வீதிக்குப் பிறந்த வாத்தியங்கள். 500 பேர் உட்காரும் மண்டபத்தில் எந்த உதவியும் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும். வெளி வாசலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் கேட்க வேண்டும் என்றால் நாயனத்துக்கு மட்டும் ஒரு மைக், அதன் விரிந்த வாயான அணசிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி. தவிலுக்கு மைக் வைத்தால் காது வலிக்கும், உறவினர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள், பிறகு "மேளம் ஒரே இரைச்சல்" என்ற பழி வாசித்தவர் தலையில் விழும். புரோகிதரின் காலர் மைக்கைக் கெட்டிமேளத்தின்போது அணைக்க ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தவில் சத்தம் அதன் வழியாக நுழைந்து ஸ்பீக்கர் அலறும்.

ஏசி மண்டபத்தில் வாத்தியம் சரியாகப் பேசாது என்கிறார்களே?

உண்மைதான். நாயனத்தின் உயிர் சீவாளி. நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்வது. ஈரமாக இருந்தால்தான் பேசும். நாயனத்தில் கயிற்றில் தொங்கும் நாலைந்து சீவாளிகளையும் ஊசியையும் அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று காய்ந்தாலோ பிளந்தாலோ அடுத்ததைச் செருக, வாயைத் திருத்த, அடைப்பு எடுக்க. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் உட்கார வைத்தால் சீவாளி நிமிஷத்துக்கு நிமிஷம் காயும், சுருதி நழுவும். காற்று வரும் துவாரத்துக்கு நேரே இல்லாத இடமாகப் பாருங்கள். ஒரு பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான வெந்நீர் வையுங்கள். ஐஸ் போட்ட ஜூஸைத் தட்டில் வைத்து நீட்டாதீர்கள்.

தவிலுக்குப் பகை ஈரப்பதம். பலா மரத்துக் கட்டையின் இரண்டு பக்கமும் தோல். மழை நாளில் தோல் தளர்ந்து, வலது பக்கத் தோலான வலந்தலையில் அந்தக் கணீர் ஓசை போய்விடும். இப்போதைய தவில்களில் நட்டு போல்ட்டு இருப்பதால் ஸ்பேனரால் முடுக்கிக்கொள்வார்கள். அதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் வேண்டும். மழையில் வந்து இறங்கியவரை அப்படியே வாசிக்க உட்கார வைக்கக் கூடாது. தண்ணீர் தெளித்த கோலத் தரையில் தவிலை வைக்கவும் விடாதீர்கள்.

சினிமாப் பாட்டு வாசிப்பார்களா?

வாசிப்பார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு முன் வேண்டாம், ஆசீர்வாதம் நடக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ராகத்தின் சாயல் உள்ள மெலடிகள் நாயனத்தில் அழகாக வரும். தாளக்கட்டை மட்டும் நம்பி ஓடும் பாட்டுகள், பல குரல்கள் அடுக்கிய பாட்டுகள் வராது. ஐந்து பாட்டுக்கு மேல் கேட்காமல், பதினைந்து நாள் முன்னால் பட்டியலை அனுப்புங்கள். மேடைக்கு வந்து துண்டுச் சீட்டு நீட்டும் வழக்கத்தை நிறுத்தினாலே வாசிப்பு பாதி மேம்படும்.

வரவேற்பில் கீபோர்டு, வயலினோடு சேர்த்து வாசிக்கச் சொல்லலாமா?

சொல்லலாம். நாயனத்தின் சுருதி மரத்திலேயே தீர்மானமானது. சீவாளியைச் சற்று உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் கொஞ்சம் ஏற்றி இறக்க முடியும், அவ்வளவுதான். ஆகவே கீபோர்டுதான் நாயனத்துக்கு இறங்கி வர வேண்டும். கட்டை எண்ணை முன்பே கேட்டு இசைக்குழுவிடம் சொல்லிவிடுங்கள். ஒரு முறையாவது ஒத்திகை வேண்டும்.

செண்டை மேளம், பேண்டு வாத்தியமும் சொல்லியிருக்கிறோம். பிரச்சினை வருமா?

ஒரே நேரத்தில் ஒரே வாசலில் இருந்தால் வரும். செண்டை அடிக்கும்போது நாயனம் கேட்காது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தைச் செண்டைக்குக் கொடுத்துவிட்டு, மண்டப வாசலில் ஆரத்தி எடுக்கும்போது நாதஸ்வரம் ஏற்றுக்கொள்ளும்படி பிரித்துவிடுங்கள்.

ஊர்வலத்தில் நடந்துகொண்டே எவ்வளவு தூரம் வாசிப்பார்கள்? நேரக் கட்டுப்பாடு உண்டா?

தோளில் வாரைப் போட்டுத் தவிலைச் சுமந்துகொண்டு நடந்தபடி அடிப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும் தூரமாக வையுங்கள். இரண்டு இடத்தில் நிறுத்தி வாசிக்க விடுங்கள், கேட்கிறவர்களுக்கும் அதுதான் சுவை.

ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை மூடிய அரங்குகளுக்கு வெளியே ஒலிபெருக்கி மட்டுமல்ல, வாத்தியமும் கூடாது. 4.30 முகூர்த்தக்காரர்கள் மேளத்தை மண்டபத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஊர்வலம் போக, உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்பே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

பாட்டுக்குக் காப்புரிமை லைசென்ஸ் எடுக்கச் சொல்கிறது மண்டபம். எடுக்க வேண்டுமா?

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு சமயச் சடங்குகளில் இசைப்பதற்கு விலக்கு அளிக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. அதைக் காட்டிப் பேசுங்கள். கம்பெனி ஆண்டு விழாவுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

பணம் எப்படிக் கொடுப்பது? ஜி.எஸ்.டி. உண்டா?

ஆள் எண்ணிக்கை, முகூர்த்த நெருக்கம், தூரம், ஒரு வேளையா இரண்டு வேளையா, வித்வானின் பெயர், இந்த ஐந்தும் சேர்ந்துதான் தொகை. பேரம் பேசலாம். ஆனால் பேரத்தில் குறைத்த தொகை பெரும்பாலும் இரண்டாவது தவில்காரரின் கூலியில்தான் போய் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நாட்டார், செவ்வியல் இசைக் கலைஞர் நேரடியாக வாங்கும் கச்சேரித் தொகை ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு பெற்றது. ஆகவே கல்யாண மேளத்துக்குத் தனியாக வரி சேர்த்து யாராவது பில் நீட்டினால், அது இடைத்தரகரின் பில்லா என்று பாருங்கள்.

மிச்சத் தொகையை மேளம் எழுந்திருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். பெண்ணின் அப்பாவைத் தேடிக்கொண்டு அவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கும்படி விடுவது வீட்டுக்கு அழகல்ல. பணத்தைக் கவரில் போட்டுப் பெயர் எழுதி, கைச்செலவு பார்க்கும் ஆளிடம் காலையிலேயே கொடுத்துவையுங்கள். தாம்பூலம், வேட்டி துண்டு வீட்டு வசதிப்படி. ஆறு பேர் என்றால் ஆறு செட். தாளம் போடும் பையனை விட்டுவிடக் கூடாது.

சாப்பாடு, தங்குமிடம்?

வெளியூர்க்காரர்கள் என்றால் ஒரு அறை. காலை நாலரைக்குக் காபி, பால் பாக்கெட் வரவில்லை என்ற சாக்கு இல்லாமல். ஊதுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிட மாட்டார்கள், மேளம் முடிந்துதான் டிபன். அதற்குள் பந்தி முடிந்து பொங்கல் தீர்ந்துபோவது வாடிக்கை. ஆறு இலைக்குத் தனியாக எடுத்துவைக்கச் சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசி நேரத்தில் வரவில்லை என்றால்?

முதல் நாள் மதியம் ஒருமுறை, அன்று கிளம்பியதும் ஒருமுறை போன் செய்து உறுதிப்படுத்துங்கள். வராத நிலை வந்தால் முதலில் பக்கத்துக் கோயில். காலை பூஜைக்கு வந்தவர்கள் ஒரு மணி நேரத்துக்காவது உதவுவார்கள். அதுவும் இல்லை என்றால் பதிவுதான். கெட்டிமேளம் மட்டும் தனி ஃபைலாக, முன்னால் மௌனம் இல்லாமல், தொட்டதும் சத்தம் வரும்படி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு மூன்று நிமிடத்துக்குக் குறையக் கூடாது, முடிச்சுக்கு முன் தீர்ந்துவிடும். கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்ட பிறகு மட்டுமே ஸ்பீக்கரில் இணையுங்கள். மூன்றாவது முடிச்சு விழும்போது மண்டபம் முழுக்க யாருடைய ரிங்டோனும் ஒலிக்கக் கூடாது.